இடது பக்க இருக்கை

செப்டம்பர் 29, திங்கள்

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடம் ஓட்டித் தேய்த்துக் கழித்துப் போட்ட வேன். மஞ்சளுக்கு மேல் வெள்ளை பெயிண்ட் அடித்தாயிற்று. ஆனாலும் வெயில் சாய்ந்து விழுந்தால் பள்ளிக்கூடத்தின் பெயர் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிறது. இதைத்தான் மெக்கானிக் காதர் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள வீடாக மாற்றித் தரப்போகிறான். தை பிறந்ததும் நானும் சாந்தாமணியும் கிளம்புகிறோம்.

நான் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர் போடும் ரிக் லாரி ஓட்டியவன். திருச்செங்கோட்டில் இதைச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள், வீட்டுக்கு ஒருவர் அப்படித்தான். கர்நாடகம், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் என்று முப்பது வருடம் வெளியிலேயே போய்விட்டது. ஓய்வுக்குப் பிறகு மற்றவர்கள் காசிக்குப் போகிறார்கள். நாங்கள் நான் போட்ட போர்களைப் பார்க்கப் போகிறோம். இது என் மனைவியின் யோசனை.

"நம்ம கோகிலா பொறந்தப்ப எங்கியோ பிப்ரீங்கற ஊர்ல இருந்தீங்கல்ல, அதப் பாக்கோணும். அப்பிடி என்னதான் இருந்துச்சுன்னு பாக்கோணும்" என்றாள்.

ஒரு கைப்பம்பு இருக்கும், அதைச் சுற்றிச் சேறு இருக்கும் என்றேன். பரவாயில்லை என்றாள்.

ரிக்கில் இருந்தபோது அன்றாடம் எழுதுவேன். எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் ஈரம் என்று. அந்தப் பழக்கம் விடவில்லை. அங்கே கற்ற இன்னொரு பழக்கமும் விடவில்லை. யாரையும் நம்புவதில்லை. கண்ணயர்ந்தால் டாங்கிலிருந்து டீசலை உறிஞ்சிவிட்டு, காலையில் நமக்கே டீ வாங்கித் தருவார்கள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வண்டிக்குச் சந்தனம், பொட்டு, வாழைக்கன்று எல்லாம் கட்டிப் பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக் கிளப்பினேன். சாந்தாமணி பக்கத்து இருக்கையில் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மொபெட்டில் பின்னால் உட்காரவே பயப்படுகிறவள்.

கேட்டைத் தாண்டும்போது இடது தூண் உரசிவிட்டது. புது பெயிண்ட் போயிற்று. கொத்தனார் அந்தத் தூணை ஒரு சாண் உள்ளே தள்ளிக் கட்டிவிட்டான் என்று எனக்கு எப்போதுமே சந்தேகம்.

"தூணு கட்டுனதுலயிருந்து அங்கியேதானுங்க நிக்குது" என்றாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று சங்ககிரிப் பக்கம் போனோம். இன்ஜின் நன்றாக இருக்கிறது. இரண்டாவது கியர் மட்டும் கொஞ்சம் முரண்டுகிறது.

வரும் வழியில் ஒரு பள்ளிக்கூடப் பெண் சைக்கிளைக் கொண்டுவந்து வண்டியின் இடது பக்கத்தில் உரசிவிட்டாள். எங்கிருந்து வந்தாள் என்றே தெரியவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாரும் ரோட்டைப் பார்த்து ஓட்டுவதில்லை. பெரிதாக ஒன்றும் அடியில்லை. முழங்காலில் சிராய்ப்பு. சாந்தாமணி இறங்கிப் போய் அந்தப் பெண்ணோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். தன் தண்ணீர் பாட்டிலால் காலைக் கழுவிவிட்டாள்.

வீடு வரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. தவறு அந்தப் பெண்ணுடையது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

அக்டோபர் 8, புதன்

சாந்தாமணியின் தொந்தரவு தாங்காமல் ஈரோட்டில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை கண்ணாடியில்லாமல் படித்தேன். படிக்கச் சொன்ன பையனே அசந்துவிட்டான். அத்தோடு விட்டிருக்கலாம். ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் அழுத்த வேண்டுமாம். நடுவில் ஒன்றிரண்டு வந்தன. மற்றபடி மெஷின் சும்மாவே கிடந்தது.

"சார், தூங்கீட்டீங்களா? பட்டன அழுத்துங்க சார்" என்றாள் அங்கே இருந்த பெண்.

"வெளிச்சம் வந்தாத்தானம்மா அழுத்தறது? மொதல்ல மெஷினப் பாருங்க" என்றேன்.

சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் டாக்டரம்மா சாந்தாமணியைத் தனியே உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று கேட்டால், "மருந்த உடாம போடச் சொன்னாங்க" என்கிறாள். அதைச் சொல்ல அவ்வளவு நேரமா ஆகும்?

அக்டோபர் 9, வியாழன்

சாந்தாமணி பேசவில்லை. சாம்பாரில் உப்பும் இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

பின்பக்கம் குறுக்கே படுக்கை வந்துவிட்டது. முன் இருக்கைகளுக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒரு திரை. அடுப்பு மேடைக்கு மேல் சின்னதாக ஒரு சாமி அலமாரி. அதனால் இனி இது வண்டியில்லை, வீடு. செருப்போடு யாரும் உள்ளே ஏறக்கூடாது, பக்கவாட்டுக் கதவின் படிக்குக் கீழே கழற்றிவிட வேண்டும் என்று சட்டம் போட்டேன்.

"ஏனுங்ணா, ஸ்பேனர் கையில வெச்சுட்டு செருப்பத் தேடிட்டு நிப்பனுங்களா?" என்றான் காதர்.

"என்ற வீட்டுக்குள்ள செருப்போட வருவியா நீ?"

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினான். நானும் இன்றிலிருந்து பழகிக்கொண்டேன்.

அக்டோபர் 27, திங்கள்

இடது முன்சக்கரத்தின் டயர் வரிக்குள் ஏதோ மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. நோண்டி எடுத்துப் பார்த்தால் எலுமிச்சைத் தோல். ஈரம் காயவில்லை. முகர்ந்தால் வாசம் அடிக்கிறது.

ஆயுத பூஜை முடிந்து மாதம் ஆகப்போகிறது. அன்று வைத்த பழமாக இருந்தால் சருகாகியிருக்கும். தரையில் தேடினேன். மற்ற மூன்று சக்கரத்துக்கும் கீழே விதையும் சாறும் இருந்தன. யாரோ எலுமிச்சை வைத்து வண்டியை ஏற்றியிருக்கிறார்கள்.

செய்வினையாக இருக்குமோ? எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடச் சொன்னேன். சாந்தாமணி சுற்றினாள். சுற்றும்போது அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. சிரிப்பை அடக்குவது போலவும் இருந்தது, பயந்தது போலவும் இருந்தது.

நவம்பர் 3, திங்கள்

டீசல் குறைந்திருக்கிறது. டாங்கில் குச்சி விட்டு அடையாளம் வைத்திருந்தேன். குச்சி பொய் சொல்லாது.

தினமும் விடிந்ததும் நான் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போய்விடுவேன். பழைய ரிக் ஆட்கள் எல்லோரும் அங்கே கூடுவோம். பேச்சு முடிந்து வீடு திரும்ப எட்டு மணியாகிவிடும். சாந்தாமணியும் அந்த நேரத்தில் வாக்கிங் போவதாகச் சொல்கிறாள். ஆக, காலையில் வீட்டில் யாரும் இல்லை என்பது தெரிந்த ஒருவன்தான் இதைச் செய்கிறான். இன்னொரு சாவி காதரிடம் இருக்கிறது.

முன் கண்ணாடியில் இன்னொன்றும் பார்த்தேன். கையகலத்துக்குச் சதுரமாகக் கோந்து அடையாளம். எதையோ ஒட்டிப் பிய்த்திருக்கிறார்கள். வாடகை வண்டி என்று எழுதி ஒட்டி, காலையில் ஒரு நடை அடித்துவிட்டு, நான் வருவதற்குள் பிய்த்துவிடுகிறான் போல.

நவம்பர் 6, வியாழன்

திருடன் காதர் இல்லை. அது இன்று தெளிவாகிவிட்டது.

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. சீட் முன்னால் இழுத்து வைக்கப்பட்டிருக்கிறது. உள் கண்ணாடியும் கீழே பார்த்து நிற்கிறது. ஓட்டியவன் குள்ளமானவன். காதர் நின்றால் வாசல் நிலையில் தலை இடிக்கும். நமக்குத் தெரிந்த குள்ளன் ஒருவன்தான். என் மச்சினன் நல்லுசாமி.

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். வண்டி வாங்கிய அன்றே, "மச்சான், உங்குளுக்கு எதுக்குங்க இது? எனக்குக் குடுத்துருங்க, முட்ட லோடு அடிச்சுக்கறேன்" என்றவன். உள்ளே போய் மோந்து பார்த்தேன். கோழி வாடை இல்லை. கழுவியிருப்பான்.

நவம்பர் 9, ஞாயிறு

நல்லுசாமியைச் சாப்பிடக் கூப்பிட்டேன். வந்தான். கறிக்குழம்பை மூன்று முறை வாங்கி ஊற்றிக்கொண்டான். திருட்டு முழி எதுவும் தெரியவில்லை. தேர்ந்தவன்.

நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் அக்காளும் தம்பியும் சமையலறையில் கிசுகிசு. நான் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. அவசரத்தில் திரும்பினதில் என் இடது கை பட்டு ரசச் சட்டி கவிழ்ந்தது. அதை யார் மேடை ஓரத்தில் வைத்தது என்று கத்தினேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க ஓட்டோணும்னாலும் பாத்து ஓட்டுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதில் ஒரு மிரட்டல் இருந்தது.

நவம்பர் 15, சனி

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

கண்ணாடி மேசை மேல் சீப்பு எடுக்கப் போனேன். சாந்தாமணியின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள் ஒரு கவரில் இருந்தன. புதிதாக எடுத்தவை. பவுடர் எல்லாம் போட்டிருக்கிறாள். பீரோவில் ஒரு சுடிதார் மடித்து வைத்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் அவள் சேலை தவிர வேறு கட்டி நான் பார்த்ததில்லை.

மகள் கோகிலா ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். "அம்மா இங்க வந்து இருக்கட்டும்ப்பா" என்று போன வருடமே சொன்னாள். போட்டோ பாஸ்போர்ட்டுக்கு. சுடிதார் பிளேனுக்கு. எலுமிச்சை, டீசல், நல்லுசாமி எல்லாம் சேர்த்து ஒரே திட்டம்தான். வண்டியை நல்லுசாமிக்குத் தள்ளிவிட்டு அவள் மகளிடம் போய்விடுவாள். பிப்ரிக்கு வருகிறேன் என்று சொன்னதெல்லாம் சும்மா.

முப்பது வருடம் நான் போவேன், வருவேன். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்படி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நான் யோசித்ததில்லை. இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அவள் ஒருமுறை போனால் திரும்பி வருவாளா என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

கேட்கலாம் என்று வாயெடுத்தேன். "கண்ண மேல பாருங்க" என்று சொல்லி மருந்தை விட்டாள். கண்ணில் மருந்தை வைத்துக்கொண்டு ஒருவரிடம் சண்டை போட முடியாது.

நவம்பர் 22, சனி

பொறி வைத்தேன். ரிக் முகாமில் செய்வதுதான். டீக்கடைக்குப் போகும் முன் நான்கு சக்கரத்தைச் சுற்றியும் கோலமாவைத் தூவிவிட்டுப் போனேன். வண்டி நகர்ந்தால் தடம் விழும்.

எட்டு மணிக்கு வந்து பார்த்தால் வண்டியைச் சுற்றி அழகாக இழைக்கோலம் போட்டிருக்கிறது. சக்கரத்துக்குச் சக்கரம் தாமரைப்பூ. வாசலில் சாந்தாமணி கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"மாவு கொட்டிக் கெடந்துச்சுங்க. வீணாப் போகுதேன்னு கோலமாப் போட்டுட்டேன்."

இவளைப் போய் இத்தனை நாள் அப்பாவி என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

காதர் ஒரு பெட்டி மைசூர்பாக் கொண்டுவந்து கொடுத்தான். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதானுங்ணா" என்றான். எந்த மெக்கானிக்கும் சும்மா இனிப்பு கொடுத்து நான் பார்த்ததில்லை. சாந்தாமணி இரண்டு துண்டு சாப்பிட்டாள். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது.

டிசம்பர் 10, புதன்

நாளை கையும் களவுமாகப் பிடிக்கிறேன். டீக்கடைக்குக் கிளம்புவது போல் கிளம்பி, மூலை திரும்பி, பின்வழியாக வந்து வண்டிக்குள் ஏறிப் படுத்துவிடுவேன். திரையை இழுத்துவிட்டால் முன்னால் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. யார் ஏறினாலும் சட்டையைப் பிடிப்பேன்.

டிசம்பர் 11, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சொன்னபடி ஏறிப் படுத்தேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கொலுசுச் சத்தம். அப்புறம் காதரின் பைக் வந்து நின்றது. வெளியே இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள், பிறகு பேச்சே இல்லை. முன்கதவுகள் இரண்டும் திறந்து மூடின.

சரி, இரண்டு பேரும் கூட்டு என்று எழுந்து உட்காரப் போனேன். இன்ஜின் உறுமியது. அப்போது சாந்தாமணியின் குரல் வந்தது. அது இடது பக்கத்திலிருந்து வரவில்லை. ஸ்டியரிங் இருக்கும் பக்கத்திலிருந்து வந்தது.

"இன்னிக்கிக் கிளட்ச்சு மெத்துனு இருக்குதுங்க காதரு."

"நேத்துதானுங்க்கா மாத்துனேன். எடுங்க, போலாம்."

எழுந்து கத்தியிருக்கலாம். கத்தவில்லை. வண்டி குலுங்காமல் நகர்ந்தது. அதனால்தான் கத்தவில்லை என்று நினைக்கிறேன். முதல் கியரில் குலுங்காமல் எடுக்க எனக்கே வருடக்கணக்கில் ஆயிற்று.

கேட் வந்தது. தூண் உரசும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். உரசவில்லை. மல்லாந்து படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டே ஊரைக் கடந்தேன். எங்கே திரும்புகிறாள், எங்கே வேகத்தடை என்று உடம்புக்கே தெரிந்தது. எதிரில் பஸ் வந்தால் அவசரப்படாமல் ஒதுங்கினாள். மேட்டில் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது மட்டும் கியர் கரகரத்தது. என்னை மீறி ஒரு செருமல் வந்துவிட்டது. போர்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். நல்லவேளை, இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மேட்டின் மேலே வண்டியை ஓரங்கட்டினார்கள். இன்ஜினை அணைத்தார்கள்.

"லைசென்ஸ் வந்து ஒரு வாரமாச்சுங்க்கா. இனியாவது அண்ணங்கிட்டச் சொல்லிருங்க. என்னயத் திருடன்னு நெனச்சுட்டு இருக்காருங்க" என்றான் காதர். போட்டோ லைசென்ஸுக்கு, கோந்து எல் போர்டுக்கு, எலுமிச்சை அவள் முதன்முதலாக ஓட்டிய நாளுக்கு.

"எப்பிடிச் சொல்றது? நாடு பூராம் ஓட்டுன மனுசன். ஓட்டாதீங்கன்னு சொன்னா வண்டிய வித்துப்போட்டு மூலையில உக்காந்துக்குவாருங்க."

"டாக்டரம்மா என்னதாங்க்கா சொன்னாங்க?"

 அவள் குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் சொன்னாள்.

"எடது கண்ணுல ஓரம் பூராம் போயிருச்சாம். நேரா இருக்கறது மட்டுந்தான் தெரியுமாம். சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ணு இன்னும் கொஞ்சம் தேவலயாம். போனது திரும்பாதாம். மருந்து போட்டா இருக்கறத வெச்சுக் காப்பாத்தலாமாம், எத்தன நாளைக்குன்னு சொல்ல முடியாதாம். அதுக்குள்ள அவர் போட்ட கெணத்தெல்லாம் அவர் கண்ணாலயே இன்னொருக்காப் பாக்கோணும். அவர் வேண்டாம்னாலும் நான் கூட்டிட்டுப் போவேன். அதுக்குத்தானுங்க இந்த வயசுல இதக் கத்துக்கிட்டேன்."

காதர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிடும் சத்தம் கேட்டது.

"அன்னிக்கு அந்த சைக்கிள் புள்ள என்ன கேட்டுச்சு தெரியுங்களா? 'பாட்டி, நான் பெல்லு அடிச்சனே, தாத்தா என்னயப் பாக்கவே இல்லீங்களா'ன்னு கேட்டுச்சு. அழுகல, திட்டல. அதான் எனக்குத் தாங்கல."

கூரையில் காதர் பூட்டிய குட்டி விளக்கு நேர் மேலே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அது நன்றாகத் தெரிந்தது. வலது கண்ணை மூடிப் பார்த்தேன். விளக்கு மட்டும் தெரிந்தது. மூடியதை உடனே திறந்துவிட்டேன்.

வீடு திரும்பியதும் அவர்கள் இறங்கிப் போனார்கள். சத்தம் அடங்கும்வரை கிடந்துவிட்டு இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவைச் சுற்றி முன்வாசல் வழியாக வந்தேன்.

"இன்னிக்கு டீக்கடையில கூட்டமுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

டிசம்பர் 12, வெள்ளி

பல் துலக்கும்போதுதான் உறைத்தது. செருப்பு.

நேற்று ஒளிந்துகொள்ளப் போனவன், நானே போட்ட சட்டப்படி செருப்பைப் படிக்குக் கீழே ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு ஏறியிருக்கிறேன். என் செருப்பு ஊருக்கே தெரியும், கட்டைவிரல் பக்கம் சிவப்பு நூல் போட்டுத் தைத்தது. வண்டி கிளம்பிப் போனபின் அது தரையில் அநாதையாகக் கிடந்திருக்க வேண்டும். ஆனால் திரும்பி வந்து நான் இறங்கியபோது படிக்குக் கீழேயே இருந்தது. இருட்டில் கால் வைத்தாலும் நுழையும் மாதிரி, வெளியே பார்த்துத் திருப்பி வைத்திருந்தது. வண்டியோ பழைய இடத்தைவிடச் சுவரை ஒட்டி நின்றது.

செருப்பு தானாக நகர்ந்து வராது.

அப்படியானால் ஏறும்போதே பார்த்திருக்கிறாள். வெளியே இரண்டு பேரும் பேச்சை நிறுத்தியது அதனால்தான். மேட்டில் குரலை உயர்த்தியது காதருக்காக இல்லை.

இதை அவளிடம் கேட்கப்போவதில்லை. கேட்டால் நான் வண்டிக்குள் ஒளிந்திருந்ததை ஒத்துக்கொண்டதாகிவிடும்.

டிசம்பர் 15, திங்கள்

காதரிடம் டிரைவர் சீட்டுக்கு ஒரு மெத்தை தைக்கச் சொன்னேன். ஒரு விரற்கடை உயரம் கூடுதலாக. "அண்ணா, உங்குளுக்குத் தல மேல இடிக்குமுங்களே" என்றான்.

"இடிச்சா எனக்குத்தானே? சொன்னதச் செய்."

செருப்பைச் சொல்லாமலே படிக்குக் கீழே கழற்றினான். மைசூர்பாக் நன்றாக இருந்தது என்று இத்தனை நாள் கழித்துச் சொன்னேன்.

டிசம்பர் 24, புதன்

இரண்டாவது கியரைச் சரி பண்ணச் சொன்னேன். மேட்டில் கரகரக்கிறது என்றேன். "நீங்க எப்பங்ணா மேட்டுல ஓட்டுனீங்க?" என்று கேட்டுவிட்டு அவனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

டீசல் குச்சியை ஒடித்து அடுப்பில் போட்டேன். பழைய ரிக் நண்பர்கள் கேட்டார்கள், தோப்பூர்க் கணவாயை இந்த வயதில் ஓட்டிவிடுவாயா என்று. வண்டி நல்ல கையில் இருக்கிறது என்றேன். பொய்யில்லை.

ஜனவரி 12, திங்கள்

சாமான் ஏற்றினோம். அரிசி, பருப்பு, புளி, இட்லிச் சட்டி. இட்லிச் சட்டி எதற்கு என்றேன். மகாராஷ்டிரத்தில் காலையில் எழுந்து என்ன செய்வதாம்? சொட்டு மருந்துக்கு ஐஸ் டப்பா ஒன்று தனியாக வாங்கியிருக்கிறாள். பேசாமல் அலமாரியில் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். அந்தச் சுடிதாரும் மூட்டையில் இருக்கிறது. சேலை கட்டிக்கொண்டு கிளட்ச் மிதிப்பது சிரமம்தான்.

ஜனவரி 18, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. இரண்டு பேரும் தூங்குவது போல் படுத்திருந்தோம்.

ஜனவரி 19, திங்கள்

கிருஷ்ணகிரி தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தியிருக்கிறோம். சாந்தாமணி அடுப்பில் தக்காளிச் சாதம் கிளறுகிறாள். கையெழுத்துக் கோணினால் அது அவள் கரண்டி போடும் ஆட்டத்தால்.

காலையில் காதரும் நல்லுசாமியும் வந்திருந்தார்கள். நல்லுசாமி ஒரு தட்டு முட்டை கொண்டுவந்தான். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, சூடம் காட்டியாயிற்று. சாவி என் கையில். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நானும் ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"எனக்கு முட்டி வலி. கிளட்ச்ச மிதிக்க முடியல. ஏம்புள்ள, கொஞ்ச தூரம் நீ எடுக்கறயா?"

வண்டி ஓட்டத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. எப்போது கற்றாய் என்று கேட்கவில்லை. நல்லுசாமி வானத்தைப் பார்த்தான். சாந்தாமணி சாவியை வாங்கிக்கொண்டாள்.

"முட்டிதானுங்களா?"

"முட்டிதான்."

"சரி. முட்டிக்குச் சொட்டு மருந்து போட்டுட்டீங்களா?"

காதர் இருமிக்கொண்டே வண்டிக்குப் பின்னால் போய்விட்டான். போட்டுவிட்டேன் என்றேன். பிறகு அவள் குனிந்து, படிக்குக் கீழே நான் கழற்றியிருந்த செருப்பை எடுத்து இடது இருக்கைக்கு அடியில் வைத்தாள்.

"இத உட்டுப்போட்டுப் போனா அன்னிக்கு மாதிரி நான்தான எடுத்து வெக்கோணும்."

அவ்வளவுதான் பேச்சு. நான்கு பழமும் நசுங்கின. தூண் உரசவில்லை.

இடது இருக்கை கிளீனர் உட்காரும் இடம். இடது பக்கம் பார்த்துச் சொல்வது கிளீனர் வேலை. கழுத்தை முழுதாகத் திருப்பினால் எனக்குத் தெரிகிறது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சங்ககிரி ரோட்டில் அந்தப் பெண் சைக்கிளில் வந்த இடத்தில் இரண்டு முறை பார்த்தேன். "லெப்ட்டு ஆள் இல்ல, வா" என்று சொன்னேன். சாந்தாமணி ஒவ்வொரு தடவையும், "சரிங்க" என்றாள்.

தோப்பூர் மேட்டில் முன்னால் ஒரு ரிக் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. நம்மூர் வண்டி. அவள் முந்தப் பார்க்கவில்லை. இரண்டாவது கியரில் பின்னாலேயே பொறுமையாக ஏறினாள். கரகரக்கவில்லை. அவள் பக்கம் திரும்பினேன்.

இந்த வண்டி வந்ததிலிருந்து அவள் என் இடது பக்கம் உட்கார்ந்து வந்தாள். அதற்கு முன் வைத்திருந்த பழைய காரிலும் அப்படித்தான். பேச்சுக் கேட்கும், வளையல் சத்தம் கேட்கும், ஆள் தெரியமாட்டாள். கொஞ்ச நாளாகவே தெரியவில்லை. இதை இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன். இன்று அவள் என் வலது பக்கம் இருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, நெற்றியில் வியர்வையோடு, காதோரம் நரைமுடி காற்றில் ஆட, முழுதாகத் தெரிந்தாள்.

"ரோட்டப் பாருங்க. என்னய எதுக்குப் பாத்துட்டு வர்றீங்க?" என்றாள்.

பிப்ரி இன்னும் வெகுதூரம். வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போகலாம்.